ஒரே சஹனில் அமெரிக்காவும் ரஷ்யாவும்

சாய்ந்தமருது,
1959 ஜூன்.

கண்ணியமிக்க மச்சான் முகைதீன்பாவா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கச்சி ஸகியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்தையும் கடையின் சுகத்தையும் அறிய ஆவல். மகள் முனவ்வறா சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நம் குடும்பத்தில் எந்தப் பெண்பிள்ளை இப்படி மலை ஏறிப் படித்தது? பழியை என் தலையில் போடாதீர்கள். குற்றமெல்லாம் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும்தான்.

போன மாரிக்குப் பிறகு ஹென்றி என்றொரு அமெரிக்கப் புரபெசர் நம் ஊர்ச் சமூகத்தை ஆராய வந்தார். உலகத்தில் வேறு ஊரே இல்லையா என்று கேட்டேன். கொழும்பில் ரஷ்யாக்காரன் தூதரகம் திறந்துவிட்டானாம், இனி இந்த நாட்டுச் சனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டுமாம், அதனால் சமூக ஆராய்ச்சிக்கு அங்கே காசை அள்ளிக் கொட்டுகிறார்களாம். பெண்களோடு கதைக்க அவருக்கு ஆள் தேவை, முனவ்வறாவுக்கு இங்கிலீஷ் வரும், நானும் ஓம் என்றுவிட்டேன். அந்தச் செய்தி காற்றில் போனதோ என்னவோ, நிக்கொலாய் என்று ஒரு ரஷ்யப் புரபெசரும் வந்து இறங்கிவிட்டார். அவருக்கும் அதே ஆராய்ச்சி, நம் கல்யாணம், வீடு வாசல் பற்றி அதே கேள்வி. "இஞ்ச மாப்பிள்ளதான் பொண்ணுட ஊட்டுக்கு வாற. ஊடு பொண்ணுக்குத்தான்" எண்டு முனவ்வறா ரெண்டு பேருக்கும் செல்லியிரிக்கா. ஆண்களுக்குச் சொந்த வீடில்லை என்றதும் அமெரிக்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. கம்யூனிசம் தனக்கு முன்னமே வந்துவிட்டதாம்! ரஷ்யரோ, சொத்தில்லாத தொழிலாளி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

பிறகு பள்ளிவாசல் கந்தூரி வந்தது. விருந்தாளிகளை விடலாமா? நம்மட வழக்கப்படி இருவரையும் ஒரே சஹனில் இருத்தினேன். அங்கதான் மச்சான் என்ட புத்தி புல்லு மேயப் போயிட்டு. ஒரே தட்டத்துச் சோறு, சுற்றியிருந்து எல்லோரும் கைபோட்டு உண்ண வேண்டும். இவர்கள் கையைக் கழுவிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், முதலில் தொடுகிறவர் தோற்றவர் போல. நடுவில் கிடந்த கோழிக்கால் எந்த நாட்டு எல்லைக்குள் வருகிறது என்று எனக்கே குழப்பம். "ரெண்டு பேரும் ஒண்டாத் தொடங்குங்க, சோறு ஆறுது!" என்று அதட்டினேன். தொடங்கினார்கள். ஆனால் கோழியை விட்டுவிட்டு என் மகளைப் பிடித்துக்கொண்டார்கள். முனவ்வறா சமூகவியல் படித்தால் செலவு தங்களுடையது என்றார் அமெரிக்கர். ரஷ்யர் விடுவாரா, புத்தகம் முழுக்கத் தாங்கள் என்றார். அவர்கள் இங்கிலீஷை எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லியே, பக்கத்தில் இருத்தியிருந்த நம் பள்ளிக்கூடத்து றஸாக் மாஸ்டர் களைத்துவிட்டார், பாவம் மனுசன் வாயில் ஒரு கவளம் வைக்கவில்லை. கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வருவதற்குள் விடுதிச் செலவு, போக்குவரத்து எல்லாம் யார் பொறுப்பு என்று பேசித் தீர்ந்துவிட்டது.

"அவங்க நம்மள ஆராயல்ல வாப்பா, ஒருத்தர ஒருத்தர் ஆராயிறாங்க. நம்மட ஊர நானே படிச்சு எழுதுறன்" என்கிறாள் மகள். கேட்க நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஊர்வாய்க்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் தாய்மாமன், உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள். நல்ல மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்துக்கொண்டு உடனே வந்து சேருங்கள்.

மச்சிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
அபூசாலி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஸகியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ்வளவு தூரத்தால வந்தவங்களுக்கு என்ட புள்ளட மூளை விளங்குது, பெத்த வாப்பாக்கு விளங்கல்லியா?" எண்டு அழுதிட்டா. நானும் அழுதிட்டன். ஆகவே மாப்பிள்ளை பார்க்க வேண்டாம், மச்சான். பேராதனையில் சரியான குளிராம். நல்ல கம்பளிச் சட்டை ஒன்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.