மாடியில் மாட்டிக்கொண்ட சீர்க்கட்டில்

முல்லா வீதி, புதுச்சேரி
புதன்கிழமை

மதிப்பிற்குரிய சம்மந்தி ஜாகிர் பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். கோரிமேட்டில் தாங்களும் சம்மந்தி அம்மாவும் மாப்பிள்ளை அர்ஹமும் நலமாயிருக்க துஆ செய்கிறோம்.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. சீர்க்கட்டில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வராது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடைக் கட்டில் ஆடும், என் மகள் அரீபாவுக்கு நானே செய்கிறேன் என்று கிளம்பியது நான்தான். வேலை பார்த்த காலமெல்லாம் ஒயரிங் செய்தவனுக்கு டிரில் பிடிக்கத் தெரியாதா என்ன. யூடியூபில் பாக்கெட் ஹோல் என்று ஒரு முறை காட்டினார்கள். சட்டத்தின் உள்பக்கம் ஜிக் என்ற அச்சை வைத்துச் சாய்வாகத் துளை போட்டு, அதற்குள் ஸ்க்ரூவை முடுக்கினால் இரண்டு மரமும் இறுகக் கவ்விக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தின் கனத்துக்கு ஏற்றபடி துளையின் ஆழத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் ஸ்க்ரூ சட்டத்தைத் தாண்டிப் பின்னாலிருந்த அலமாரிக் கதவையும் பிடித்துக்கொண்டது. என் மனைவி கனீஸ் பாத்திமா துணி எடுக்கக் கதவை இழுத்தாள், சட்டமும் கூடவே வந்தது. அடுத்து கிளாம்ப் போடாமல் முடுக்கியதில் பலகை நழுவியது, வேகமாக முடுக்கியதில் இன்னொன்று பிளந்தது. பிறகு கை பழகிவிட்டது. வீட்டிலுள்ள எல்லோரும் ஏறி நின்றோம், கட்டில் முனகக்கூட இல்லை.

கூடம் முழுக்கக் கல்யாணச் சாமான். அதனால் கட்டிலை மாடி அறையில் செய்திருந்தேன். இறக்கப் போனால் படிக்கட்டு வளைவில் திரும்ப மறுக்கிறது. ஜன்னலில் கம்பி. கனீஸ் பாத்திமா கேட்டது ஒன்றுதான்.

"செய்யறதுக்கு முன்னாடி படிக்கட்ட அளந்து பாத்தீங்களா?"

அளக்கவில்லை.

கழற்றலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். இவ்வளவு இறுகிய இணைப்பைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு யோசனை. என் மனைவியின் ஊர் காரைக்கால். அந்தப் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது வழக்கம்தான். கட்டில் வராவிட்டால் என்ன, மாப்பிள்ளை கட்டிலிடம் வரட்டும். மாடியில் காற்றும் நன்றாக வரும். அரீபா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, ஆனால் அது வேறு விஷயம்.

பிள்ளைகள் வாழ்வில் அல்லாஹ் பரக்கத்தை நிறைப்பானாக. வீட்டிலுள்ள அனைவருக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
கரீம்

பி.கு.: கடிதத்தை அரீபா படித்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கட்டில் இப்போது பலகை பலகையாக வாசலில் இருக்கிறது, சொன்னபடி வெள்ளிக்கிழமை வரும். மேலே எழுதியதைத் தாங்கள் மறந்துவிடலாம். ஆனால் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ பழையபடி பிடிக்காது. வாராவாரம் நான் அங்கே வந்து முடுக்கித் தர வேண்டியிருக்கும். இதை அரீபாவிடமும் சொன்னேன்.

"கட்டில் ஆடலன்னாலும் நீங்க வரலாம் அத்தா," என்றாள்.

இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரோடுதான் வருவேன். மகள் வீட்டுக்குச் சும்மா வந்து உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கும்.