ராஜாங்கத்தின் குரல்

"யோவ் ஆதிமூலம், இன்னாய்யா அநியாயம் இது? என் மொறையில உன் நெலத்த அறுத்துகினு இருக்குற?"

வரப்பில் நின்று கத்திய ராஜாங்கத்தின் குரல் அறுப்பு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பக்கத்து நிலத்துக்காரர் ஆதிமூலம் நிதானமாகத் தலைத்துண்டை உதறினார்.

"நேத்து போன்ல உன்கிட்ட கேட்டுட்டுத்தான மிஷின எறக்குனேன்? 'பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு இருக்கீங்க, நீங்க முன்ன அறுத்துக்கோங்க, எனக்கு ஒன்னும் அவசரமில்ல'ன்னு அம்மாம் தன்மையா சொன்னியே!"

"நானா?"

"நீதாம்பா. உன் கொரலு எனக்குத் தெரியாதா? என்னுதும் என் தம்பியுதும் முடிய நாளைக்கு சாயந்தரம் ஆவும். அப்பறம் உன்னுதுதான்."

ராஜாங்கம் திரும்பித் தன் வயலைப் பார்த்தார். மூன்று ஏக்கர் நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. தை பிறந்த பிறகும் வானம் மூடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மழை பிடித்தால் போதும், கதிர் படுத்துவிடும். படுத்த கதிர் முளைத்துவிடும். அவசரமில்லை என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் களமருதூரில் அவர்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினார். அமிர்தம் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"போன நீ எங்க எடுத்துகினு போற? சேத்துல வுழுந்ததுலேருந்து அலமாரி மேலதான கெடக்குது? நம்ம ஜீவாதான் எடுத்துப் பேசுறான்."

"அவன் பேசுனா ஆதிமூலத்துக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? ஒரு மாசமா அவன் கொரலு உடைஞ்சு அப்பிடியே உன் கொரலாட்டம் ஆயிப்போச்சே. நீ கவனிக்கல?"

கவனிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஜீவா அப்பாவிடம் பேசும்போது 'ம்' என்பான். ரொம்பவும் வற்புறுத்தினால் இன்னொரு 'ம்' வரும். அதை வைத்துக்கொண்டு குரலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனால் இந்த ஒரு மாதத்தில் வேறொன்றைக் கவனித்திருந்தார். ஊரில் அவர் மதிப்பு திடீரென்று ஏறியிருந்தது. உரக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொல்கிறார். வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பங்காளி எதிரே வந்தால் சிரிக்கிறார். மீசைக்கு டை அடிக்க ஆரம்பித்தது வீண் போகவில்லை என்று ராஜாங்கம் உள்ளூர மகிழ்ந்திருந்தார்.

அந்த மதிப்பை இந்தப் பையன் கெடுத்துவிடுவான் போலிருந்தது. மறுநாள் பள்ளிக்கு லீவு போட வைத்து அவனைக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற்றினார். அங்கே அரசு மருத்துவமனையில் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. ஆலோசகர் ஜெயசுதா இருவரையும் உட்காரச் சொன்னார்.

"கொரலுக்கு ஒரு டானிக் எழுதிக் குடும்மா. இவன் பழைய கொரலு திரும்பி வரணும்."

"இது நோய் இல்லீங்க, வயசு. மீசை அரும்புது, உயரம் ஏறுது இல்லியா, அது மாதிரி குரலும் மாறும். பசி ஜாஸ்தியாவும், பரு வரும், பொசுக்குன்னு கோவம் வரும். தம்பி, பேசுறதுக்குக் கூச்சமா இருக்குதாப்பா?"

"அவன் எங்க பேசுறான்? 'ம்'ன்னுவான், அவ்ளோதான்."

"நான் அவர கேட்டேங்க."

"ம்," என்றான் ஜீவா.

"பாத்தியாம்மா?"

"வூட்ல இவரோட உக்காந்து பேசுவீங்களா?"

"தெனமும்தான் பேசுறேன். மோட்டார போடு, மாட்ட மாத்திக் கட்டு, மார்க் ஏன் கம்மி…"

"அது பேச்சு இல்லீங்க, உத்தரவு. இந்த வயசுல அதட்டுனா வாய மூடிக்குவாங்க. மதிச்சுப் பேசுற எடத்துல நல்லாவே பேசுவாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இந்தக் கொரலு எப்ப மாறும்?"

"மாறாதுங்க. இனிமே இதான் அவர் குரல்."

"அது என் கொரலும்மா!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜீவா தலையைக் குனிந்துகொண்டான்.

டானிக் கிடைக்காத எரிச்சலில், திரும்பும் பஸ்ஸிலேயே ராஜாங்கம் தானே ஒரு வைத்தியம் செய்தார். ஆதிமூலம், உரக்கடைக்காரர், பங்காளி என்று ஒருவரை விடாமல் போன் போட்டு எச்சரித்தார். முக்கியமாக வெற்றிசெல்வனை. வெள்ளிமலைக்காரன், அறுப்புக் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து மிஷின் ஓட்டுபவன்.

"தோ பாருடா வெற்றி, இனிமே போன்ல என் கொரலு கேட்டா நம்பாத. அது என் பையன். 'நான்தான் ராஜாங்கம்'னு சத்தியம் பண்ணாலும் நம்பாத, இன்னா?"

"சரிங்க. இப்ப பேசுறது யாருங்க?"

"நான்தான்டா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜீவா காது சிவக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நாள் விடிந்ததும் கிழக்கே இடி உருண்டது. ராஜாங்கம் அவசரமாகப் போனை எடுத்தார்.

"வெற்றி, மிஷின இப்பவே என் நெலத்துல எறக்கு."

"தம்பி, அப்பா உஷார் பண்ணிட்டாருப்பா."

"டேய், நான்தான்டா அப்பன்!"

"இப்பிடித்தான் சொல்லுவன்னும் சொல்லிட்டாரு."

கட்டாகிவிட்டது. அமிர்தத்தைப் பேசச் சொன்னார். "அம்மாவையும் கூட்டு சேத்துகினியா தம்பி?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வைத்துவிட்டான்.

ராஜாங்கத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாடுபட்டு விளைவித்தவருக்குத் தன் பெயரைச் சொல்லி ஒரு மிஷினைக் கூப்பிட வக்கில்லை! மொபெட்டை முறுக்கிக்கொண்டு ஆதிமூலத்தின் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே அறுப்பு முடிந்து, அவர் முறையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போவதற்காக மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் வெற்றி! இன்னா திமிருடா ஒனக்கு? நல்லா மொகத்தப் பாரு! இப்பவாவது நம்புறியா நான்தான் ராஜாங்கம்னு? எறக்குடா மிஷின!"

முதல் துளி அவர் மீசையில் விழுந்து கறுப்பாக வழிந்தது. வெற்றிசெல்வன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"போன்ல கத்தும்போதே நீங்கதான்னு தெரியுங்க, அதான் வெச்சிட்டேன். ஒரு மாசமா எங்கிட்ட 'சாப்ட்டீங்களா, வெயில்ல பாத்து ஓட்டுங்க'ன்னு பேசிகினு இருந்தாரே ஒரு ராஜாங்கம், அவர வரச் சொல்லுங்க, மிஷின எறக்குறேன்."