பாதி மீசைப் பட்டதாரி

எனக்கு மீசை இருந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டு, பிறகு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ள வேண்டாம். பெண்பிள்ளை என்பதால் உறவினர்கள் கருணையோடு அதைப் ‘பூனை முடி’ என்பார்கள். எந்தப் பூனையும் அவ்வளவு பொறுப்பாக வளர்த்து நான் பார்த்ததில்லை.

இதில் பெரிய அநியாயம் என் தம்பி ரூபன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். அவனுக்கு மீசை வரவில்லை. விளக்கெண்ணெய் தேய்த்தான், சின்ன வெங்காயச் சாறு தேய்த்தான் (அந்த மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை), ஒன்றும் அசையவில்லை. அவனுக்கு வேலை கிடைத்ததும் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த ரேசர், உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

“பார்சல் மாறிப்போச்சு,” என்பார் அம்மா. “அவனுக்கு வந்தது உங்கிட்ட இறங்கிடுச்சு.”

நாங்கள் இருப்பது சிரம்பானுக்குத் தெற்கே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடிக்கடி சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். படிப்பு முடிந்து செண்டாயானில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலையும் கிடைத்தது. பட்டமளிப்பு விழா மட்டும் பாக்கி.

விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அப்பா ஹாலில் ஓர் ஆணி அடித்துவிட்டார். முருகன் படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவில். வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது. ஒருநாள் ரூபன் தெரியாமல் தொப்பியை மாட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“அது கோகிலா போட்டோவுக்கு அடிச்சது. கை வைக்காத.”

வெறும் ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே ஒரு பயமும் வரும். அங்கே மாட்டப்போகும் படம் என் காலம் முழுக்கத் தொங்கும். அதில் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, அதற்குக் கீழே மீசையா?

அம்மாவின் வைத்தியம் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, பயத்தமாவு. பலன், மஞ்சள் நிற மீசை. நூலால் எடுத்தால் அடுத்த வாரம் புத்துணர்ச்சியோடு திரும்பி வந்தது. ஆகவே லேசர் என்று முடிவு செய்து, சிரம்பானில் ஒரு தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

போவதற்கு முதல் நாள், நன்றாக நூல் போட்டு மீசையைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குவதில்லையா? அதுபோலத்தான். ஒரு டாக்டர் முன்னால் மீசையோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. விளக்கைக் கிட்டே இழுத்து, என் மேலுதட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“மானா மீசாய்?” என்றார். மீசை எங்கே என்று மலாயில் கேட்கிறார். (அந்தச் சொல்லை மலாய்க்காரர்களுக்குக் கொடுத்ததே நாம்தான் என்பார்கள். கொடுத்தது எனக்கே திரும்பி வந்தது.)

“எடுத்துட்டேன், டாக்டர்.”

“எடுத்துட்டா நான் எதைச் சுடுறது?”

பிறகு பொறுமையாக விளக்கினார். லேசர் ஒளி தோலுக்குள் இருக்கும் கறுப்பு வேரைத் தேடித்தான் போகும். நூல் போட்டாலோ மெழுகு வைத்து இழுத்தாலோ வேரோடு வந்துவிடும். ஒளிக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. சில வாரம் வளர விட வேண்டும். வரும் நாளுக்கு முன் சவரம் மட்டும் செய்துகொள்ளலாம். என்னைப் போன்ற மாநிறத் தோலில் ஒளிக்கு முடி எது, தோல் எது என்று குழப்பம் வரும். அதற்கு ஏற்ற மெஷின் வேண்டும், முதலில் ஓரமாகச் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது, பல தடவை வர வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முடி திடீரென்று கூடியதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் லேசராம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பரம்பரைச் சொத்துதான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். “வெயிலில் வேலை உண்டா? செய்வதற்கு முன்னும் பின்னும் வெயில் படவே கூடாது.”

இந்தக் கேள்விக்காகவே நான் படித்தேன் என்று சொல்லலாம். அப்பா வெயிலில் நின்றார், அம்மா வெயிலில் நின்றார், அவர்களைப் பெற்றவர்களும் வெயிலில் நின்றார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

“வெயிலா? நான் குளுகுளு ஏர்கோன் ஆபீசுல வேலை செய்றேன், டாக்டர்.”

அவர் தலையாட்டினார். காதோரம் சோதித்துப் பார்த்து அனுப்பினார்.

வீட்டில் வந்து விவரம் சொன்னேன். ஒளி வேலை செய்யாத முடிக்கு வேறு வழியும் இருக்கிறதாம், ஒவ்வொரு வேருக்கும் மெல்லிய ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சி எடுப்பார்களாம் என்றேன்.

“ஒரு முடிக்கு ஒரு ஊசியா? அதுக்கு நீ மீசையோடயே இருந்துட்டுப் போலாம்லா,” என்றார் அம்மா. சற்றுக் கழித்து மெதுவாகக் கேட்டார்: “லேசரு வெள்ள முடிக்கும் பண்ணுவாங்களா?”

“வெள்ளை முடிக்கு லேசர் ஆகாதும்மா. அதுக்குத்தான் இந்த ஊசி.”

அம்மா தாடையைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த சில வாரம் நான் மீசை வளர்த்தேன். ஆபீசில் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். எனக்குச் சளி என்று எல்லோரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள். வீட்டில்தான் தாங்க முடியவில்லை. ரூபன் சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“என்னடா?”

“ஒண்ணுல்லக்கா. என்னா எண்ணெய் போடுற?”

லேசருக்குப் போகும் நாள் காலையில் சவரம் செய்ய வேண்டும். என்னிடம் ஏது ரேசர்? அலமாரியிலிருந்து ரூபனுடையதை எடுத்து, உறையைப் பிரித்து, குளியலறையில் முகத்தில் நுரையோடு நின்றேன். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு அது. ரூபன் திறந்துவிட்டான். கண்ணாடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அம்மா, இங்க வந்து பாருங்க,” என்று கத்தினான். குரல் உடைந்திருந்தது. “என் ரேசர்ல மொத சவரம் அக்கா பண்ணுது.”

ஓடி வந்த அம்மா, “ஐயோ, பொம்பளப் புள்ள கத்தி வெச்சா கட்டையா மொளைக்குமே,” என்று சுவரில் சாய்ந்துவிட்டார். அப்படியெல்லாம் முளைக்காது, நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நுரையோடு விளக்கினேன். நுரையோடு சொல்லும் அறிவியலுக்கு மதிப்பில்லை.

லேசர், நீங்கள் நினைக்கிற அளவு வலிக்காது. ரப்பர் வளையத்தை இழுத்து உதட்டில் விட்டது மாதிரி, சட் சட்டென்று. ஆனால் வாடை பற்றி யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஆட்டுத்தலை வாட்டும்போது வருமே, அதே வாடை. அது என் முகத்திலிருந்து வருகிறது என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“வெயில் வேண்டாம், சூடு வேண்டாம், எதையும் பூசாதே. நான் கொடுக்கும் சன்ஸ்கிரீன் மட்டும்,” என்றார் டாக்டர். சரி சரி என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா மஞ்சள் புடவை ஒன்றை மடித்து என் கட்டில்மேல் வைத்திருந்தார்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. மகள் படிப்பை முடித்தால் அவளே பால்குடம் எடுப்பாள் என்று, நான் பல்கலைக்கழகம் போன அன்றே அம்மா வேண்டியிருந்தார். எனக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும். டாக்டர் வெயில் என்றபோது ஏர்கோனைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் ஆத்தாளை மறந்துவிட்டேன்.

“அம்மா, ஞாயித்துக்கிழமையா? இப்பத்தான்மா லேசர் பண்ணியிருக்கேன். வெயில் படக்கூடாது.”

“இது என்னா வெயிலு? செம்பனை மட்ட வெட்டவா போற? கோயிலுக்குத்தான போற?”

எங்கள் வீட்டில் கோயில் வெயில், வெயில் கணக்கில் வராது. முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

“ஆத்தாவ பாக்க மூஞ்ச மூடிக்கிட்டா போவ?”

ஆகவே சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு, பெரிய ரோட்டோரப் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டேன். தலையில் பால்குடம், அதைப் பிடித்தபடி இரண்டு கையும் மேலே. சீக்கிரம் போய்விடலாம் என்பது என் கணக்கு. கணக்குப் பிரிவில் வேலை செய்பவளின் கணக்கு. உறுமி மேளம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் வாளியிலேயே சன்ஸ்கிரீன் போய்விட்டது. சூரியன் நேராக மேலே வந்து எனக்கென்றே நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை, கிண்ணம் நிறைய அரைத்த மஞ்சளோடு வந்தார்.

“அத்தை, மூஞ்சில மட்டும் வேணாம் அத்தை. லேசர் பண்ணியிருக்கேன்.”

“லேசராவது கீசராவது. படிச்ச புள்ள, ஆத்தா முன்னாடி வேணாம்னு சொல்லலாமா?” கன்னத்தில் ஒரு பூச்சு. பிறகு மேலுதட்டைப் பார்த்தார். “இங்க செவந்துல்ல கெடக்கு. பாவம். இதுக்குத்தான் மஞ்சளு நல்லது.” அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு, அழுத்தி.

இரண்டு கையும் தலைமேல் இருக்கும் ஒருத்திக்கு உலகத்தில் எந்த உரிமையும் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்தது. “பாருங்க, பக்தி,” என்றார் பின்னால் வந்த யாரோ.

இரண்டு நாளில் சிவப்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகியது. ஒரு முடிகூட இல்லை. ஆனால் முடி இருந்த இடம் முழுக்க, ஓரம் பிசகாமல், அளவெடுத்து வெட்டிய மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. முன்பு இருந்தது பூனை மீசை. இது போலீஸ்காரர் மீசை.

டாக்டரிடம் ஓடினேன். விளக்கை இழுத்துப் பார்த்தார். காதோரம் ஒட்டியிருந்த மஞ்சளையும் பார்த்தார்.

“ஏர்கோன் ஆபீஸ்?” என்றார்.

வேறு எதுவும் திட்டவில்லை. மருந்து எழுதிக் கொடுத்து, கறுப்பு நிலைக்காது, வெயிலில் காட்டாமல் இருந்தால் மெல்ல மறையும் என்றார்.

“சனிக்கிழமைக்குள்ள போயிடுமா, டாக்டர்?”

“எந்த வருஷத்துச் சனிக்கிழமை?”

பட்டமளிப்பு விழா அந்தச் சனிக்கிழமை. விடிந்ததும் எழுந்து, வீடியோ பார்த்து, மேலுதட்டில் அடுக்கடுக்காக மேக்கப் பூசினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, காய வைத்துக் காய வைத்து. கண்ணாடியில் பார்த்தால் பட்டையைக் காணோம். மேடையில் ஏறி, பட்டச் சுருளை வாங்கி, இறங்கியபோது என்னைப் போல் அழகி அந்த மண்டபத்தில் இல்லை என்று நிச்சயமாக நம்பினேன்.

வெளியே ஸ்டூடியோக்காரர்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். ஆணிக்கான படம் அங்கேதான் எடுக்க வேண்டும். அப்பா, கல்யாணத்துக்குப் போடும் சட்டையில், என் பக்கத்திலேயே வரிசையில் நின்றார். காலையிலிருந்தே என்னைப் பார்ப்பார், சட்டைக் காலரைச் சரிசெய்வார், வேறு பக்கம் திரும்புவார். என் முறை வந்தது.

“இரும்மா,” என்றார். “மூஞ்சில என்னமோ திட்டா ஒட்டியிருக்கு.”

ஆரம்பப் பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாளில் செய்வதுபோலவே, கைக்குட்டையை எடுத்து என் மேலுதட்டில் ஒரு பக்கம் அழுத்தி ஓர் இழுப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் படக்காரர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அருகில் கண்ணாடி இல்லை. கொஞ்சம்தான் கலைந்திருக்கும் என்று நினைத்து, மோவாயைத் தூக்கி, குடும்பத்தின் முதல் பட்டதாரி எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தேன்.

படம் வந்தது. அங்கி நன்றாக இருந்தது. தொப்பி நேராக இருந்தது. முகத்தில் மீசை பாதி இருந்தது. ஒரு பக்கம் வழவழவென்று பட்டதாரி, மறு பக்கம் போலீஸ்காரர்.

ரூபன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். “மிச்சப் பாதி எனக்காக விட்டு வெச்சிருக்கியாக்கா,” என்றான்.

கணினியில் அழித்துத் தரச் சொல்லலாம் என்று நான் அழுதுகொண்டே சொல்லி முடிப்பதற்குள், அப்பா அதை ஆணியில் மாட்டி, தள்ளி நின்று, கோணலாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அதில் மீசை தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அதற்குமேல் எப்படி இறக்கச் சொல்வது?

கறுப்பு, டாக்டர் சொன்னபடியே சில மாதத்தில் மறைந்தது. பிறகு திருவிழா இல்லாத மாதங்களாகப் பார்த்துப் போய் லேசரையும் செய்து முடித்தேன். இப்போது ஒன்றிரண்டு முடி எப்போதாவது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆபீஸ் தோழிகள் லேசருக்குப் போவதற்கு முன் என்னிடம்தான் கேட்கிறார்கள். நூல் போடாதே, சவரம் செய்துகொண்டு போ, நம் நிறத்துக்கு ஏற்ற மெஷினா என்று கேள், மஞ்சள் பூசாதே, புண்ணானால் உடனே டாக்டரிடமே போ என்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கோயில் திருவிழா எப்போது என்று கேட்பேன்.

போன வருடம் ரூபனுக்குப் பெண் பேசி, கெமாஸிலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்திருந்தது. பெண்ணின் தாய்மாமா மட்டும், மைலோ கோப்பையைக் கையில் வைத்தபடி ரூபனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க,” என்றார் அப்பாவிடம். “மாப்பிள்ளைக்கு மீசையே காணோமே.”

அப்பா நிதானமாகத் திரும்பி, சுவரைக் கைகாட்டினார்.

“எங்க குடும்பத்துக்கா மீசை இல்ல? அங்க பாருங்க. பட்டம் வாங்குன மீசை.”

ஆக, அப்பாவுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. நான் மைலோ தட்டோடு நின்றேன். முதலில் சிரித்தது பெண்தான். தாய்மாமா மைலோவைச் சிந்திவிட்டார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

இப்போது என் படத்தைத் தினமும் துடைப்பது அவள்தான். நல்ல பெண். ஆனால் அந்த மீசைப் பக்கத்தை மட்டும் துணியை நனைத்து அழுத்தித் துடைக்கிறாள்.