என் குரூப்பில் ஒரு நலம்விரும்பி

படிக்காமலே டாக்டராவது ரொம்பச் சுலபம். கையில் ஒரு போன், வீட்டில் ஒரு நோயாளி, கொஞ்சம் வாய்க்கொழுப்பு இருந்தால் போதும். எனக்கு மூன்றாவது அயிட்டம் தாராளமாகவே அமைந்திருந்தது.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எங்கள் ஊரான குருணில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனை எடுத்து நடத்திக்கொண்டிருந்தேன் (இப்போதும் நடத்துகிறேன், என் தேங்காய்ப்பால் சோற்றை, அந்த நாசி லெமாக்கை, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை). எங்க வீட்டுக்காரர் தனபாலன் லோரி ஓட்டுகிறவர். யான் என்கிற ஊர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். நல்ல மனுஷன். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கை அந்த 'ம்'மை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சக்கரை வியாதி என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அவர் பேசாமல் வாங்கி வந்து விழுங்க ஆரம்பித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு மாக்சிக், வயசான மலாய்க்கார அம்மா, பேர் தெரியாத ஒரு இலையைக் கட்டுக் கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "சக்கரைக்கு நல்லது" என்றார். அவ்வளவுதான் ஆராய்ச்சி. அந்த இலை, பாகற்காய், நிலவேம்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினேன். கறுப்பாக ஒரு தண்ணி வந்தது. வாசம் பிடித்த பூனை அன்றைக்கு முழுக்க வீட்டுப் பக்கம் வரவில்லை.

அலமாரியிலிருந்த மாத்திரைகளை அள்ளிக் குப்பையில் கொட்டினேன். "இனிமே இதான்" என்று தண்ணியை ஒரு போத்தலில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். "ம்" என்றார். லோரியில் வைத்துக் குடித்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் சக்கரை 6.1, டாக்டரே மெச்சுகிற அளவு. எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் (எங்க ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் 'புலனம்' என்பார்கள்) ஒரு குரூப் ஆரம்பித்தேன். பேர், 'கசப்பே துணை'. தண்ணி வைக்கிற முறையையும் 'மாத்திரையை விடுங்க' என்ற அறிவுரையையும் போட்டு, லிங்கை மாமியார் ஊர் வரைக்கும் பரப்பினேன். மூன்று மாதத்தில் இருநூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

தினமும் காலையில் அவர் விரலைக் குத்துவேன், மீட்டரைப் படம் பிடித்துப் போடுவேன். ரத்தம் அவருடையது, புகழ் என்னுடையது. 'ராணியக்கா வாழ்க', 'நீங்கள் தெய்வம்' என்று கும்பிடு பொம்மைகளாக வந்து குவியும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே கேண்டீன் பலகாரம் கறிபாப் மடித்தால் ஓரம் கூட ஒழுங்காக மடியும்.

அப்போதுதான் அந்த ஆள் வந்து சேர்ந்தார். தெரியாத நம்பர். படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. பேர், 'நலம்விரும்பி'.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். 'சகோதரி, மன்னிக்கவும். ஒருவருடைய ரீடிங்கை வைத்து எல்லாருக்கும் சொல்லலாமா? அவர் வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?'

எனக்கு வந்ததே கோபம்! 'என் புருஷன் ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி கொட்டாவி விடுறாருன்னு கூட எனக்குத் தெரியும். நீங்க யாரு கேக்குறதுக்கு?' என்று அடித்துப் போட்டேன்.

'தவறாக நினைக்காதீர்கள் சகோதரி. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த இலையின் பேராவது தெரியுமா?'

இலையின் பேர் எனக்குத் தெரியாது. அதனால் இன்னும் கோபம் வந்தது. தூக்கிவிட்டேன் குரூப்பிலிருந்து. மறுநாள் லிங்க் வழியாகத் திரும்பி வந்து 'வணக்கம்' என்றார். மறுபடி தூக்கினேன். மறுபடி வணக்கம். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருந்தாலாவது ஊரைக் கூட்டியிருப்பேன். அந்த ஆள் கடைசி வரைக்கும் மரியாதையாகவே பேசித் தொலைத்தார். நான்தான் 'முகத்தைக் காட்டாத கோழை' என்றேன், 'மருந்துக் கம்பெனி ஏஜெண்டு' என்றேன். ஒரு நாள் ரொம்ப முற்றிப்போய், 'உங்களுக்குக் கழுத்தை நீட்டின மகராசிய நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு' என்று எழுதினேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் கோழி சமைத்தேன்.

சாப்பிடும்போது இதையெல்லாம் எங்க வீட்டுக்காரரிடம் கொட்டுவேன்.

"அந்த நலம்விரும்பி மட்டும் கையில கெடைச்சான்னு வைங்க..."

"ம்" என்பார். குனிந்த தலை நிமிராமல் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருப்பார்.

புகழ் தலைக்கேறி, நேரில் ஒரு கூட்டம் போட்டேன். பக்கத்தில் திகாம் பத்து என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. சீனி போடாத தேத்தண்ணி, சுண்டல், அறுபது பேர், ஒரு மைக். நலம்விரும்பிக்குத் தனியாகச் சவாலே விட்டிருந்தேன்: 'தைரியம் இருந்தா நேர்ல வா.' எங்க வீட்டுக்காரர் மண்டபத்தின் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் பேசினேன். ரீடிங் எல்லாம் பெரிய அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். நல்ல கைத்தட்டல். அப்போது முதல் வரிசையிலிருந்து பார்வதியக்கா எழுந்து வந்தார். குருணுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ரொம்ப வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவர். நான் போடும் ஒவ்வொரு படத்துக்கும் முதல் கும்பிடு அவருடையதுதான்.

ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் நீட்டினார். உள்ளே அவருடைய இன்சுலின் ஊசிகள்.

"தங்கச்சி, இன்னையோட இத விட்டுட்டேன் லா. இனிமே ஓன் தண்ணிதான். ஓன் கையாலயே இத குப்பையில போட்டுரு."

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது.

உண்மையைச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வது வேறு, ஊசியை நிறுத்தச் சொல்வது வேறு என்று எனக்கே எங்கேயோ உறைத்தது. வேண்டாம்க்கா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கையில் மைக், எதிரில் அறுபது பேர். கௌரவம் விடுமா? பல்லைக் காட்டிக்கொண்டே பையை வாங்கக் கையை நீட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"சகோதரி, மன்னிக்கணும்."

வந்துட்டான்யா நலம்விரும்பி! கழுத்தை எக்கிக்கொண்டு தேடினேன். கூட்டமும் திரும்பியது. பின்னால் வேறு யாரும் இல்லை. இரண்டு நாற்காலிகளைக் கையில் பிடித்தபடி எங்க வீட்டுக்காரர்தான் நின்றுகொண்டிருந்தார்.

'இந்த மனுஷன் எதுக்கு என்னைச் சகோதரிங்கிறாரு?' என்று யோசித்தேன். சத்தியமாக அதுதான் என் முதல் யோசனை. விஷயம் மண்டையில் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஏறியதும் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அவர் நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"நான் மாத்திரைய ஒரு நாளும் விடல. வீட்டுக்காரி குப்பையில போட்டுட்டான்னு கிளினிக்குல சொல்லி, வேற வாங்கிக்கிட்டேன். லோரியிலயே வெச்சு சாப்பிடுறேன். அந்தத் தண்ணிய மொத நாளு ஒரு வாய் குடிச்சேன். அப்புறம் ஹைவேயில நிப்பாட்டி தெனமும் கீழ ஊத்திடுவேன்." பார்வதியக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். அந்த ஊசிய பையிலயே வைங்க. என் ரீடிங்க நம்பி நீங்க சாகக் கூடாது."

இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை.

நடு வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரர், ஃபேக்டரி செக்யூரிட்டி, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அப்ப நான் மூணு மாசமா குடிச்சேனே, அது என்னது?"

இலையின் பேர் தெரிந்தால்தானே சொல்வது! யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. நான் மைக்கை நிறுத்த மறந்து "ஐயோ கடவுளே" என்றேன். அது ஸ்பீக்கரில் தெரு வரைக்கும் கேட்டது.

காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தி, திரும்பி வரும்போது பாதி வழி வரை நான் வாயைத் திறக்கவில்லை (எங்கள் வீட்டு வரலாற்றில் அதுவும் முதல் தடவை). பிறகு கேட்டேன், "அந்த நம்பரு?"

"கம்பெனியில குடுத்த போனு."

"வீட்டுலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"குரூப்புல சொன்னப்ப மட்டும் கேட்டனா?"

"கேக்கல. ஆனா அங்க நீ கத்துனா எனக்குக் காது வலிக்காது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒங்களுக்குக் கழுத்த நீட்டினவ பாவம்னு எழுதினேனே..."

"படிச்சேன். ஆமா, அவளும் பாவம்தான்னு நானும் நெனச்சேன். அதான் ஒண்ணும் எழுதல."

அதோடு என் அழுகை ஜெயித்தது. மூன்று மாதமாக இருநூறு பேர் முன்னால் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சாயந்திரம் அதே திட்டைச் சாப்பாட்டோடு சேர்த்து இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு, மறுநாள் மறுபடியும் 'வணக்கம் சகோதரி' என்று வந்து நின்றிருக்கிறார். எனக்காக இல்லை. என்னை நம்பிய முகம் தெரியாதவர்களுக்காக. அந்த மனுஷனைத்தான் நான் கோழை என்று எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கே குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாற்பது பேர் உடனே வெளியேறினார்கள், 'மருந்துக் கம்பெனி உங்களையும் வாங்கிடுச்சா?' என்று கேட்டுவிட்டு. அந்தக் கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். இரண்டு பேரை நானே காடியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். அங்கே நர்ஸ் மிஸ்ஸி திட்டிய திட்டில் பாதி அவர்களுக்கு, மீதி எனக்கு. நல்லவேளை, பெரிதாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பாசார் மாலாம் மாக்சிக் அதன்பிறகு பாக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்.

குரூப் இன்னும் இருக்கிறது. எங்க வீட்டுக்காரரும் ஒரு அட்மின். யார் எதைப் போட்டாலும், 'நேரில் தெரியுமா, கேள்விப்பட்டதா, டாக்டர் சொன்னாரா' என்று எழுத வேண்டும். எதிர்த்துக் கேட்பவரைத் தூக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, எனக்குத்தான் முதலில் இல்லை. மனுஷன் இப்போது வீட்டிலும் நேராகவே பேசப் பழகிவிட்டார். போன வாரம் என் மீன் குழம்பில் புளி அதிகம் என்றார், என் தங்கச்சி முன்னாலேயே. கசப்பாகத்தான் இருந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பார்வதியக்கா ஊசியை விடவில்லை. நன்றாக இருக்கிறார். என்னை மட்டும் விடுவதாக இல்லை. போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் ஆளாக வந்துவிட்டார். நான் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்குவமாகத் தேத்தண்ணி கலந்து கையில் கொடுத்து, பக்கத்தில் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன். பார்வதியக்கா நேரே வந்து என் தோளில் கையைப் போட்டார்.

"சம்பந்தியம்மா, இது யாருன்னு தெரியுமா? என்னைய சாகடிக்கப் பாத்த தங்கச்சி. ரொம்ப நல்ல மாதிரி லா."

வீடே சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்தார்கள். ஆனால் நான் கொடுத்த தேத்தண்ணியைக் கிளம்புகிற வரைக்கும் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை.