மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து மாமியாருக்கு

அல்மொரேதா,
1991 மே, கடைசித் திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தை எர்மெலிண்டா அவர்களுக்கு மாப்பிள்ளை செகுந்தினோ பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மகள் நியேவெஸும் சுகம். உங்கள் கேனரிக் குருவி சுகம். பால்கனிச் செடிகள் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். உங்கள் கல்யாணப் படுக்கை விரிப்பைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து வரிசையாகப் படித்துக்கொண்டு வரவும், நேரே அங்கே தாவ வேண்டாம். பெனிடோர்மின் கடல் காற்று உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா, அரசாங்கம் அழைத்துப் போன முதியோர் சுற்றுலாவில் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா, மாலை நடனத்தில் நீங்களும் ஆடுகிறீர்களா அல்லது ஆடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அறிய ஆவல்.

முதலில் நல்ல செய்தி. நேற்று ஜெயித்துவிட்டோம். அல்மொரேதா கால்பந்துக் கழகம் மூன்றாம் டிவிஷனிலேயே நீடிக்கிறது. ஆகவே உங்கள் மகன் எவாரிஸ்டோவின் கடையில் கழிவறைப் பீங்கான் விற்கும் வேலைக்கு நான் போக வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இந்தக் கிளப்பும் கீழ இறங்கிச்சுன்னா, மாப்ளே, பந்தை மூட்டை கட்டி வச்சிட்டு மறுநாளே எவாரிஸ்டோ கடையில நிக்கணும். என் பொண்ணு இனிமே ஊர் ஊரா பாத்திரம் தூக்க மாட்டா." கையில் கத்தி வைத்திருந்தீர்கள், நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து எதிரணி கோல் போடும்போதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது வெள்ளை வெளேர் என்ற ஒரு வாஷ்பேசின்.

அத்தை, நான் உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. நான் வேலை பார்த்த கிளப்புகள் எல்லாமே என்னை அனுப்பிவைத்தவைதான். ஒரு ஊரில் தலைவரின் பேரனுக்கு ஞானத்தந்தையாகக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றபோது என் காதோடு சொன்னார்கள். ஞானஸ்நானம் முடியும் வரை பொறுத்திருந்தார்கள், அந்த அளவுக்கு நல்ல மனிதர்கள். இன்னொரு ஊரில் காலையில் மைதானத்துக்குப் போனால் என் டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு வேறொருவன் விசில் ஊதிக்கொண்டிருந்தான், அதுவும் அவனுக்கு என்னைவிடப் பொருத்தமாக இருந்தது. மற்றொரு ஊரில் நான்கு கோல் போட்டு ஜெயித்த இரவே அனுப்பினார்கள், ஏனென்றால் தலைவரின் மகனை நான் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன், பையனுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நானும் நியேவெஸும் பெட்டிகளோடு வந்து நின்றது உங்கள் வாசலில்தான். நீங்கள் மேலும் கீழும் பார்த்து, "மறுபடியுமா?" என்பீர்கள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கொண்டைக்கடலைக் குழம்பில் இன்னும் இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள். எத்தனை கோலில் தோற்றேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உலகத்தில் அதைக் கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் பேருந்து ஏறிய ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. லைன்ஸ்மேனின் தாயாரைப் பற்றி நான் நலம் விசாரித்தேன். விசாரித்த விதம் சரியில்லை என்று நடுவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். சீசன் முடியும் வரை நான் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அணியோ புள்ளிப் பட்டியலில் அடிமட்டத்தில் தத்தளிக்கிறது. அன்று இரவு உங்கள் வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இரைச்சலுக்குப் பயந்து இறக்கி வைக்கும் அந்த ஜன்னல் மறைப்பைத் தற்செயலாகத் தூக்கினேன். கீழே முழு மைதானமும் தெரிகிறது, இரண்டு கோல் கம்பமும், நடு வட்டமும், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பும் நம் ரசிகர்கள் உட்காரும் வரிசைகளும். உங்கள் பால்கனி மைதானத்துக்குள் இல்லையே, அத்தை. துணி காயப்போடுவதைத் தடை செய்ய எந்தச் சட்டமும் இல்லையே.

கேப்டன் ஓசினாகாவிடம் தனியாகச் சொன்னேன். அவன் கொத்தனார், பக்கத்துக் கிராமம், சொன்ன சொல்லைத் தாண்டாதவன். "மூணாவது மாடிப் பால்கனியைப் பார்த்துக்கோ. வெள்ளை விரிப்பு தொங்கினா எல்லாரும் பின்னால நின்னு காக்கணும். பூப்போட்ட மேஜை விரிப்புன்னா இடது பக்கமா ஏறணும். சிவப்புக் கம்பளின்னா ஆளை மாத்தணும். கொடி காலியா இருந்தா கோல்கீப்பர் உள்பட எல்லாரும் முன்னால ஓடணும், அதுக்கு மேல கடவுள் விட்ட வழி." அவன் விரல்விட்டு மனப்பாடம் செய்துகொண்டான்.

முதல் ஆட்டத்தில் பூப்போட்ட விரிப்பைத் தொங்கவிட்டேன். பையன்கள் வலது பக்கமாக ஏறினார்கள். எதிரணியை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, உடம்பு சிலிர்த்தது. ஒரு கோல் விழுந்ததும் வெள்ளை விரிப்புக்கு மாற்றினேன். அவர்கள் நிற்கவில்லை, இன்னொரு கோல் போட்டார்கள். இவ்வளவு வருஷத்தில் என் மனதில் இருப்பதை என்னைவிட நன்றாகப் படித்த அணி இதுதான். வெளியூர் ஆட்டங்களில் பால்கனி இல்லாததால் வழக்கம்போல் உதை வாங்கினார்கள், சொந்த ஊரில் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கும் எவாரிஸ்டோவுக்கு ஊர் திரும்பியதும் இதைப் படித்துக் காட்டவும்.

நேற்று கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும். ஆகவே வெள்ளை விரிப்பு வேண்டும், ஆனால் வெள்ளை விரிப்புகள் எல்லாவற்றையும் நியேவெஸ் காலையில்தான் ஊறவைத்திருந்தாள். அலமாரியின் அடியில் லாவெண்டர் வைத்து நீங்கள் மூடி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். ஆமாம், அதுதான். உங்கள் கல்யாண விரிப்பு. ஓரத்தில் உங்கள் பெயரெழுத்தும் மாமாவின் பெயரெழுத்தும் பின்னியிருக்கும் அந்த விரிப்பை, கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்துத் தொங்கவிட்டேன். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மழை பிடித்தது. கீழ் வீட்டு பிராக்செதெஸ் அம்மாள் தன் துணிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அதோடு நின்றாளா என்றால் இல்லை. நீங்கள் அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதை நான் மறந்துபோனேன்.

படியேறி ஓடி வந்து, கதவைத் திறந்து, என்னைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போய் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். நான் மறு முனையைப் பிடித்தேன்.

"விடுங்கம்மா, அது தொங்கணும்."

"மழை கொட்டுது, மாப்ளே."

"நனையட்டும்."

"எர்மெலிண்டாவோட கல்யாண விரிப்பை நனைய விடுறதா? வீட்டுல பெரியவ இல்லைன்னா இப்படித்தான் ஆகும்."

"ஒரு டிரா போதும்மா. என்னைக் கெடுத்துராதீங்க."

"உங்களை யாரு கெடுக்கணும், நீங்களே போதும்" என்று சொல்லி ஒரே இழு இழுத்தாள். விரிப்பு கொடியைவிட்டு வந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். என் அணி முழுவதும் அதற்கு முன்பே முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, கோல்கீப்பர் எல்லோருக்கும் முந்தி ஓடினான். எங்கள் கோல் வாய் திறந்து காலியாகக் கிடந்தது. எதிரணி ஆள் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து பந்தை அதை நோக்கி உதைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், வாஷ்பேசின் தெரிந்தது. திறந்தபோது பந்து கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சேற்றுக் குட்டையில் விழுந்து அப்படியே நின்றிருந்தது. ஓசினாகா திரும்பி ஓடி வந்து அதை ஆங்காரத்தோடு ஓங்கி உதைத்தான். அது மறுகோடியில் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற எங்கள் கோல்கீப்பரின் பிடரியில் பட்டு வலைக்குள் போய்விட்டது. நான் பிராக்செதெஸ் அம்மாளைக் கட்டிக்கொண்டேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை, இன்று காலையில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கட்டிப்பிடியில் இரண்டு பேர் கையும் விட்டதால் விரிப்பு ஒரு பூந்தொட்டியையும் சேர்த்துக்கொண்டு பறந்து மைதானத்தில் இறங்கிவிட்டது.

பையன்கள் அதில் கோல்கீப்பரைச் சுருட்டி, ஊரைச் சுற்றித் தூக்கிப் போய், சதுக்கத்து நீரூற்றில் போட்டு எடுத்தார்கள். விரிப்பு இப்போது கழக அறையின் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளோடு இருக்கிறது. சேற்றைத் துவைக்கக் கூடாது என்று தலைவர் தொன் லியாந்த்ரோ உத்தரவு. "இது வரலாறு" என்கிறார். பெயரெழுத்துகள் நன்றாகத் தெரியும்படி மடித்திருக்கிறார்கள். என் பால்கனி யுக்தியைப் பாராட்டி அடுத்த சீசனுக்கும் நானே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் மாறாமல் இரண்டாம் வருஷம் இருக்கப்போவது எனக்கு இதுதான் முதல் தடவை. இரவு நியேவெஸ் பெட்டிகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன், அத்தை. இதெல்லாம் உங்கள் வீடு, உங்கள் கொடி, உங்கள் துணி. என் மூளை மட்டும்தான் என்னுடையது.

மாதா உங்கள் முழங்காலைக் காக்கட்டும். சுற்றுலாத் தோழிகளுக்கு என் வணக்கம். நடனம் ஆடினால் மெதுவாக ஆடவும்.

என்றும் நன்றி மறவாத மாப்பிள்ளை,
செகுந்தினோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஓசினாகா வந்தான். காபி குடித்துக்கொண்டே, "கோச், தப்பா நினைக்காதீங்க, உங்க மாமியார் விதவைதானே? கொடியில எதுக்கு அத்தனை ஆம்பளை உள்ளாடை?" என்று கேட்டான். எந்தக் கொடி என்றேன். "மூணாவது மாடிதான். கீழ மதுக்கடை ஒண்ணு, பல் டாக்டர் ரெண்டு, அதுக்கு மேல மூணு." அவன் ஊரில் மாடி வீடே கிடையாது, அத்தை. நாம் கணக்கில் சேர்க்காத மதுக்கடையையும் சேர்த்து அவன் தரையிலிருந்து எண்ணியிருக்கிறான். மாதம் முழுவதும் அணி ஆடியது பிராக்செதெஸ் அம்மாள் துவைத்துப் போட்டதைப் பார்த்துத்தான். அவள் புருஷனின் நீளக் கால் உள்ளாடை நம் குறியீட்டில் இல்லாததால், அது தொங்கினால் பந்தை நீளமாக அடிப்பது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்களாம். நேற்றும் மழைக்கு முதலில் காலியானது அவள் கொடிதான். அவனுக்கு இன்னொரு காபி ஊற்றினேன். பிறகு மெல்ல மெல்ல ஒன்று தோன்றியது: நேற்று ஜெயித்தது என்னால் இல்லை என்றால், இத்தனை வருஷம் தோற்றதும் என்னால் இல்லாமல் இருக்கலாமே. அத்தனை ஊரின் தோல்வியையும் நான் ஒருவனே தலையில் சுமந்துகொண்டு உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன். அதை இறக்கி வைத்ததும் அப்படிச் சிரித்தேன், நியேவெஸ் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். தொன் லியாந்த்ரோவுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் ஊர் திரும்பியதும் பிராக்செதெஸ் அம்மாளிடம் ஒன்று மட்டும் பக்குவமாகக் கேட்டுச் சொல்லவும்: அடுத்த சீசன் தொடங்கும் செப்டம்பரிலும் அவள் ஞாயிற்றுக்கிழமைதானே துவைப்பாள்?