நறும்புரத்தில் நீர்மட்டம் உயர்ந்த வரலாறு

நறும்புரம் என்றொரு நாடு. வரைபடத்தை விரித்துத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அகப்படாது. ஒரு மலை, மலையுச்சியில் அரண்மனை, அடிவாரத்தில் களிமண், களிமண்ணின் மேல் மக்கள், அவ்வளவுதான் நாடே. மேலே குளித்த நீரும், கழுவிய நீரும், சொல்லக் கூசும் மற்றவையும் தெருச் சாக்கடை வழியே இறங்கி, மக்களுடையதையும் சேர்த்துக்கொண்டு ஊர்க்கோடி ஓடையில் கலக்கும். நாற்றம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குடிக்கிற தண்ணீர் நன்றாக இருந்தது.

புதிதாக முடிசூடிய மன்னர் நகர்வலம் வந்த அன்று பல்லக்குத் திரை காற்றில் விலகிவிட்டது. மன்னர் முகர்ந்துவிட்டார். ஐயோ, அதோடு தொலைந்தது! பொழுது சாய்வதற்குள் முரசு அறைந்தார்கள்: "தெருச் சாக்கடை இன்றோடு மூடப்படுகிறது. இனி அவரவர் வீட்டுக் கழிவுநீரை அவரவர் மனைக்குள்ளேயே சுத்திகரித்துக்கொள்ள வேண்டியது. அரண்மனைக்கு இது பொருந்தாது. அரண்மனையில் கழிவு உண்டாவதில்லை."

மறுநாளே சாக்கடையில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். எப்படிச் சுத்திகரிப்பது என்று சொல்வதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் மக்கள் என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பொறுமையாக அடக்கிக்கொண்டார்கள் என்று அரசிதழ் சொல்கிறது.

நான்காம் மாதம் கழிவுநலத் துறை அமைச்சர் பெருந்தகையார் மேலத்தெருவுக்கு நேரில் எழுந்தருளினார். பின்னால் மூன்று வண்டிகளில் மூன்று தொட்டிகள் வந்தன. ஒன்றுக்குச் சிவப்புச் சாயம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம். மூன்றின் மூடியிலும் மன்னரின் சிரித்த முகம்.

"குடிமக்களே!" என்றார் அமைச்சர். "முந்தைய மன்னர் ஆட்சியில் உங்களுக்குத் தேர்வு என்று ஒன்று இருந்ததா? கழிவு தன்பாட்டுக்குப் போயிற்று. உங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இப்போது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இதற்குப் பெயர்தான் சுதந்திரம்!"

மக்கள் பூரித்துப்போனார்கள். சிவப்பா, பச்சையா, நீலமா என்று தெருவே இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் வாதிட்டது. ஒரு வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம். இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. தொட்டியைக் குனிந்து பார்த்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான். அவள் பெயர் செண்பகவடிவு.

அவள் குனிந்து பார்த்ததற்குக் காரணம் இருந்தது. மேலத்தெருவின் நாற்பது வீட்டுக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, அது அவள் வீட்டு முற்றத்தில் இருந்தது. அவளும் கணவன் ஆவுடையும் மூன்று கோடை வெட்டிய கிணறு. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடப்பவனுக்கும் அந்தத் தண்ணீர்தான். அது கெட்டால் தெருவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"ஐயா, மூணும் ஒண்ணுதானே?" என்றாள் வடிவு.

"வண்ணத்தைக் கவனியுங்கள் அம்மா."

"வண்ணம் கிடக்கட்டும். வெறும் உறையை அடுக்கி வச்சிருக்கீங்க, அடியில தளமே இல்லையே? ஊத்துறதெல்லாம் நேரா மண்ணுக்குள்ளல்ல போகும்?"

"மண்ணுக்குள் போகாமல் வானத்துக்கா போகும்?" என்றார் அமைச்சர். உடன் வந்த பதினாறு அதிகாரிகளும் அளவாகச் சிரித்தார்கள்.

வடிவு விடவில்லை. "எங்க அக்கா வாக்கப்பட்ட ஊர்ல தளம் போட்டு அடைப்பா தொட்டி கட்டுறாங்க. உள்ள ரெண்டு அறை. கசடு முதல் அறையில தங்கிரும். தெளிஞ்சது மட்டும் சரளைப் பாத்திக்குப் போகும், அதுல கல்வாழை நட்டிருக்காங்க. வருசத்துக்கு ஒருக்க கசடை அள்ளிட்டாப் போதும், கிணத்துக்கு ஒரு கேடும் இல்ல. வடக்கு மூலையில நான் இடம்கூடப் பார்த்து வச்சிருக்கேன். கிணத்துல இருந்து அறுபது அடி."

"கல்வாழை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைத் தேர்ந்தெடுப்பது தேர்வுச் சுதந்திரத்துக்கே எதிரானது."

இதற்குள் ஆவுடை ஓடி வந்துவிட்டான். மன்னர் புகழ்ப் பேரவையின் மேலத்தெருச் செயலாளர் அவன். கூரையில் கொடி, சட்டைப்பையில் மன்னர் படம். "ஏ வடிவு, அமைச்சர்கிட்ட என்ன வாய் உனக்கு? ஐயா, அவ கெடக்கா. எங்களுக்குப் பச்சை குடுங்க. குழியை வாசல் பக்கமே வெட்டுங்க ஐயா, போறவன் வாரவனுக்கெல்லாம் மன்னர் முகம் தெரியணும்." அமைச்சர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்து மண் தேர்வு. குழி வெட்டி ஒரு குடம் நீரை ஊற்றி, அது இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பது முறை. இதற்கென்று வந்தவர் மண் பரிசோதகர் அனவரதம். அவருக்குத் தொழில் தெரியும், அதுதான் அவர் தலைவிதி. முப்பத்தொன்பது வீட்டில் காலையில் ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. சில குழிகளில் தவளை குடியேறிவிட்டது.

"களிமண்ணுங்க ஐயா, உறிஞ்சாது," என்றார் அனவரதம்.

"உறிஞ்சாதா, உறிஞ்ச மறுக்கிறதா?"

"களிமண்ணு எப்படிங்க ஐயா மறுக்கும்?"

"மறுக்கிறது என்று எழுதும்," என்றார் அமைச்சர். முப்பத்தொன்பது மனைகளின் மண்ணும் அரச விரோத மண் என்று பதிவாயிற்று.

நாற்பதாவது வீடு வடிவுடையது. கிணற்றுக்கும் வாசலுக்கும் நடுவே குழி வெட்டி நீரை ஊற்றினார்கள். அனவரதம் நாழிகை வட்டிலை நீரில் மிதக்க விடுவதற்குள் குழியில் ஊற்றியதைக் காணோம். இன்னொரு குடம் ஊற்றினார்கள், அதையும் காணோம். அமைச்சர் கைதட்டினார். ஆவுடைக்கு வாயெல்லாம் பல். அனவரதம் மட்டும் எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். உட்சுவரில் செம்மண் கலங்கல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது மண்ணு குடிக்கல. ஊத்து வர்ற சரளை வழியா நேரா கிணத்துல போய் விழுது."

"இறங்கிற்றா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்."

"இறங்குச்சுங்க."

"எழுதும்."

அனவரதம் எழுதினார். முன்பு ஒருமுறை எழுத மறுத்ததற்காக அவரை ஏழு மாதம் கழுதைக் கணக்கெடுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். நாட்டிலேயே மிகுந்த விசுவாசமுள்ள மண் ஆவுடை வீட்டு மண் என்று அறிவிப்பு வந்தது. மற்ற முப்பத்தொன்பது வீட்டுக் குழாயையும் அந்தக் குழியிலேயே இணைக்கும்படி ஆணை வந்தது. கூடவே மலையிலிருந்து ஒரு பெரிய குழாயும் இறங்கி வந்தது. அரண்மனையில் கழிவு உண்டாவதில்லை என்பதால் அதில் வருவது என்ன என்று யாரும் கேட்க முடியவில்லை.

வடிவு பழைய சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அமைச்சர் வாசலில் போய் நின்றாள். "கிணத்துக்கும் குழிக்கும் ஐம்பது அடி இருக்கணும்னு உங்க சட்டத்துலயே இருக்கே ஐயா. இங்க பதிமூணு அடிதான் இருக்கு. நானே அளந்தேன்."

அமைச்சர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். முகம் வாடிவிட்டது. சட்டத்தை மீறும் அரசு என்ற பெயர் வந்துவிடக் கூடாதே! இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. மூன்றாம் நாள் அரண்மனையிலிருந்து பட்டுத் தலையணையில் இளவரசரை எடுத்து வந்தார்கள். பிறந்து நாற்பது நாள். அவருடைய பாதத்தை ஒரு பலகையில் வைத்துக் கோடு கிழித்து, அந்த நீளத்துக்குக் குச்சி நறுக்கினார்கள். மூன்று அங்குலம் இருந்தது. இனி இந்நாட்டில் ஓர் அடி என்பது இதுதான் என்று முரசு அறைந்தார்கள்.

புதிய குச்சியால் அளந்தபோது கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பத்திரண்டு அடி வந்தது. சட்டம் கேட்டதற்கு மேல் இரண்டு அடி தாராளம் என்று அமைச்சர் பெருமிதப்பட்டார். அந்த வாரம் ஏழடிக் கதவு செய்யச் சொன்ன வீடுகளுக்குப் நாய் நுழையும் அளவுக் கதவு வந்து சேர்ந்தது. மக்கள் குனிந்து, பிறகு தவழ்ந்து, உள்ளே போய்ப் பழகிக்கொண்டார்கள்.

குழி நிறைந்தது. கிணறு நாறியது. தெருவில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அரண்மனை வைத்தியர் வந்து, குழந்தைகள் அளவுக்கு மீறி மாம்பழம் தின்றதால் வந்த கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்குழந்தைக்குப் பல்லே முளைக்கவில்லை. பொது இடத்தில் மூக்கைப் பொத்துவது மன்னரை அவமதிப்பதாகும் என்று அடுத்த ஆணை வந்தது.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. தன் கிணறு, தன் கண் முன்னாலேயே! விடிந்ததும் எல்லை தாண்டிப் போய், அரைக் காத தூரம் நடந்து, அயல்நாட்டு ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள். வீடு வீடாகப் போய், "கிணத்துத் தண்ணிய வாயில வைக்காதீங்க தாயி, பிள்ளைகளுக்கு இதைக் குடுங்க," என்று செம்பு செம்பாக ஊற்றினாள். ஆவுடையும் வீட்டுக்குள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தான். வெளியே வந்து, "எங்க வீட்டு மண்ணைப் போல மண்ணு உண்டா?" என்று பேசுவான்.

கோடை வந்தது. நாடெங்கும் கிணறுகள் வற்றின. வடிவு வீட்டுக் கிணறு மட்டும் நான்கு முழம் உயர்ந்தது. உயராமல் என்ன செய்யும்? நாற்பது வீடும் ஓர் அரண்மனையும் இரவு பகலாக ஊற்றிக்கொண்டிருந்தன. செய்தி மலைக்குப் போனதும் அமைச்சர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். வறட்சியிலும் நீர்மட்டத்தை உயர்த்திய முதல் மன்னர் என்று மேலத்தெருவில் பந்தல் போட்டு, தோரணம் கட்டி, விழா எடுத்தார்கள்.

மன்னரே இறங்கி வந்தார். அந்தக் கிணற்று நீரைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி அருந்துவதாக ஏற்பாடு. நீர் இறைத்துக் கொடுக்கும் பேறு செண்பகவடிவுக்கு. அவள் மறுபேச்சுப் பேசாமல் இறைத்தாள், கிண்ணம் வழிய வழிய ஊற்றிக் கொடுத்தாள். 'குடிக்கட்டும். ஒரு வாய் குடித்தால் போதும், நாளைக்கே குழியை மூடிவிடுவார்' என்று எண்ணிக்கொண்டாள் பாவம்.

மன்னர் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார். அவருடைய மூக்கு அவருடைய ஆணையையே மீறப் பார்த்தது. ஆனால் மன்னர் என்றால் சும்மாவா? கிண்ணத்தைத் தாழ்த்தினார், கண் கலங்கினார். "என் மக்கள் தவித்திருக்க, முதல் மிடறை நான் குடிப்பதா?" என்று கிண்ணத்தைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார்.

கூட்டம் விம்மியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வடிவு மேடையேறி நின்று கத்தினாள்: "யாரும் குடிக்காதீங்க! அது உங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி! எதிர்வீட்டுப் பிள்ளை கிடக்கிற கிடையப் பார்த்தீங்கல்ல? தொடாதீங்க!"

தொட்டவன் ஆவுடை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கிண்ணத்தை வாங்கினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தான். தொண்டை இரண்டு முறை எதிர்த்தது. விழுங்கிவிட்டான்.

"எப்படி இருக்கிறது? உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்," என்றார் அமைச்சர்.

"நாத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது, பொய் சொல்ல மாட்டேன்," என்றான் ஆவுடை. "ஆனா போன மன்னர் காலத்து நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். செம்பும் குடமுமாக அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது.

வடிவு மேடையை விட்டு இறங்கி அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, போன மன்னர் காலத்துல இந்தக் கிணறு கல்கண்டா இனிச்சுதே. நீங்கதானே செம்பு செம்பா குடிச்சீங்க?"

ஆவுடை வாயைத் துடைத்துக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியாதா? அதை எதுக்கு இப்பப் பேசுறே?" என்றான். பிறகு வரிசைக்கே கேட்கும்படி, "நீ யாரோட ஆளு?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும், எதிர்வீட்டுக் குழந்தையைத் தோளில் போட்டிருந்த அதன் தாயும்கூட, வடிவின் பக்கம் திரும்பி அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.