எசென்குல் தொலைத்த ஆடு

எசென்குல் இருநூறு அடிகூட ஓடியிருக்க மாட்டான். பின்னால் வந்த லாரி அவன் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னண்ணே, என்ன தொலைஞ்சுது?" என்று துர்துபெக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

எங்கள் ஊரில் நாற்பத்தாறு வயசு ஆள் சும்மா ஓட மாட்டான். ஓடினால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்நடை எதுவாவது காணாமல் போயிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஓடுகிறவனைத் தனியாக ஓட விடும் வழக்கமும் எங்களிடம் கிடையாது. பார்த்தவன் கூடவே ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவனெல்லாம் ஒரு அக்கம்பக்கத்தானா?

எசென்குலுக்கு அந்த மூன்றாவது காரணம் இருந்தது. அது நாலாக மடிந்து அவன் கோட்டுப் பையில் கிடந்தது.

போன வாரம் டாக்டர் உமுத் அம்மா அவன் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கருவியைக் கொஞ்சம் தட்டி, மறுபடியும் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'உங்கள் இயல்புக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ற விளையாட்டு எது?' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது.

"இதுல கேள்வி இருக்கு. உண்மையா பதில் சொல்லி, ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. இப்படியே விட்டா அடுத்த வசந்தத்துல உங்களுக்கு மாத்திரை எழுதற வேலை எனக்கு இருக்காது" என்றார்.

எசென்குல் உண்மையாகத்தான் பதில் சொன்னான். குதிரை மேல் ஏறி, செத்த ஆட்டின் உடலை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்குகிற விளையாட்டா? குதிரை பாவம். மல்யுத்தமா? பிடிக்கிறதுக்கு இடுப்பில் ஒரு கச்சை கட்டுவார்கள், அந்தக் கச்சை அவனைச் சுற்றி வராது. நீச்சலுக்குச் சட்டையைக் கழற்ற வேண்டும், அந்தப் பேச்சே வேண்டாம். அலுவலகக் கைப்பந்தில் போன தடவை அவன் அடித்த ஒரே பந்து மேலதிகாரியின் மூக்குக்குப் போனது. கடைசியில் ஓட்டம்தான் மிஞ்சியது. தனியாக, விடியற்காலையில், யார் கண்ணிலும் படாமல். கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்?

ஆனால் இப்போது துர்துபெக்கின் கண்ணில் பட்டுவிட்டான். 'உடம்பு இளைக்க ஓடறேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. எப்போதோ ஒரு நாள் முற்றத்தில் கயிறு தாண்டிய தபால்காரருக்கு ஊரில் 'முயல்' என்று பேர். அவர் பேரனையும் முயல் பேரன் என்றுதான் கூப்பிடுகிறோம்.

"ஆடு" என்றான் எசென்குல்.

"அடப்பாவமே. என்ன நிறம்?"

"பழுப்பு. நெத்தியில வெள்ளை."

"நேத்து சாயங்காலம்கூட உங்க முற்றத்தை எட்டிப் பார்த்தேனே, ஆட்டைக் காணோமே."

"இங்க கட்டலை. ஆத்தங்கரைப் பக்கம் ஒரு வீட்ல கட்டியிருந்தேன்."

சொன்னவுடன் முகம் சிவந்துவிட்டது. எசென்குல் கால்நடை ஆபீஸ்காரன், ஊர் ஆடு ஒவ்வொன்றுக்கும் காதில் எண் குத்துவது அவன்தான். அவனே ஆட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிறான் என்றால் சிரிப்பார்கள். துர்துபெக் சிரிக்கவில்லை. லாரியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டிருந்த வயிற்றை மெல்ல வெளியே எடுத்து, கீழே இறங்கினான்.

"வாங்கண்ணே, ஓடுவோம்."

"லாரியிலேயே போயிரலாமே."

"லாரி சத்தத்துக்கு ஆடு மிரளும். கால்நடையாப் போறதுதான் நல்லது."

மறுநாள் விடிவதற்குள் எசென்குலின் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் கச்சிகே. வயசு அறுபத்தேழு, இரண்டு முட்டியிலும் வலி. காலில் பளபளவென்று புது வெள்ளை ஷூ.

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? முட்டி வலியோட..."

"பேசாதே. நீ ஆட்டைத் தொலைச்சுட்டு ஓடிக்கிட்டிருப்பே, நான் வீட்ல உக்காந்து டீ குடிக்கணுமா? நாளைக்கு என் முகத்துல யார் முழிப்பா?"

எசென்குலுக்கு உடம்பு கூசியது. இல்லாத ஒரு ஆட்டுக்காக ஏழு கௌரவமான மனிதர்கள் மூச்சு வாங்க மேடேறினார்கள். கச்சிகே ஒவ்வொரு பாறையிலும் கை ஊன்றி நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளை நெத்தி, வெள்ளை நெத்தி" என்று முனகிக்கொண்டே ஏறினார். எசென்குல் அவர் முதுகைப் பார்க்க முடியாமல் தலை குனிந்து ஓடினான். அவன் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

நாலாம் நாள் ஆபீஸ் நண்பன் ஒருவன் மூன்று குதிரைகளைத் தருவதாகச் சொன்னான். அப்பாடா, இவர்கள் காலாவது பிழைக்கும் என்று எசென்குல் நினைத்தான்.

"குதிரையா? குளம்பு பட்டா ஆட்டோட தடம் அழிஞ்சுரும்" என்று கச்சிகே ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆறாம் நாள் எசென்குல் துணிந்தான். "விட்டுடலாம்ணே. ஓநாய் தின்னுருக்கும். ஒரு ஆடுதானே, போகட்டும்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓநாய் தின்னா எலும்பு இருக்கணுமே. எலும்பைப் பார்க்காம எப்படி விடறது?" என்றான் துர்துபெக்.

அன்றிலிருந்து எலும்பையும் தேடினார்கள். எலும்பு மேலே, ஓநாய்கள் இருக்கிற மலைச் சரிவில்தானே கிடக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானது.

எட்டாம் நாள் காலை, மந்தைக்காரன் அலிம்பெக் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு எதிரே வந்தான். பழுப்பு நிறம். நெற்றியில் வெள்ளை.

"சுயுஞ்சு" என்று கத்தினான் அவன். நல்ல சேதி கொண்டு வந்தவன் இப்படிக் கேட்டுவிட்டால், அவன் கை காட்டுவதைக் கொடுத்தாக வேண்டும். அலிம்பெக் கை எசென்குலின் பஞ்சு வைத்த புதுக் கோட்டைக் காட்டியது.

எசென்குல் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தான். முடிந்தது பீடை. யார் ஆடு என்று காதில் உள்ள எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்து, அப்புறம் சத்தமில்லாமல் ஒப்படைத்துவிடலாம். அலிம்பெக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டை அவனிடம் விட்டுவிட்டு, மந்தையோடு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டான்.

கச்சிகே குனிந்து ஆட்டின் நெற்றியை வெகுநேரம் பார்த்தார்.

"இது இல்லை" என்றார்.

"இதுதாண்ணே" என்றான் எசென்குல்.

"வெள்ளை பத்தாது தம்பி."

"என் ஆடு எனக்குத் தெரியாதாண்ணே?"

"பாசம் கண்ணை மறைக்குதுண்ணே" என்றான் துர்துபெக். "யாரோ ஒருத்தன் இதைத் தேடிக்கிட்டு அலைவான். அவன் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?"

மற்ற ஐந்து பேரும் வரிசையாக ஆட்டின் நெற்றியைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்கள். என்ன நேர்மை, என்ன நேர்மை. அடுத்தவன் ஆட்டைத் தன் ஆடு என்று சாதித்தவன் தான் ஒருவன்தான் என்று எசென்குலுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆட்டை அதன் சொந்தக்காரன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கோட்டு திரும்பி வராது, சுயுஞ்சாகக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மத்தியானம் அவன் மனைவி சைராகுல் ரொட்டி அடுமனையிலிருந்து வந்தாள். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவள், இந்த ஓட்டம் எதையும் அவள் பார்த்ததில்லை.

"கோட்டு எங்க?"

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஆட்டைக் கண்டுபிடிச்சவனுக்கு."

"அப்ப அது நிஜம்தான்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு வாரமா அடுமனையில நான் உள்ள போனா பேச்சை நிறுத்தறாளுங்க. நம்ம வீட்ல ஆடு கிடையாது. ஆத்தங்கரையில ஒரு வீட்ல கட்டியிருந்தீங்களாமே. ஆத்தங்கரையில இருக்கிறதே ஒரு வீடுதான். குதிரைப் பாலைப் புளிக்க வச்சுக் கூமிஸ் விக்கிற புரூல் வீடு. அவ புருஷன் போய் மூணு வருஷம் ஆச்சு."

ஆற்றங்கரை வீட்டில் கட்டியிருந்ததாகச் சொன்னபோது, அது யார் வீடு என்று எசென்குல் யோசிக்கவே இல்லை.

"ஒருத்தி வீட்ல ஆடு வாங்கிக் கட்டறதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?" "பத்தொன்பது வருஷம் உங்களுக்கு மாவு பிசைஞ்சு போட்டேன்."

"ஆடே கிடையாது சைரா. நான் சும்மாதான் ஓடினேன். உடம்புக்காக. விளையாட்டுக்காக."

சைராகுல் அவனைக் கழுத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வயிற்றில் பார்வை நின்றது.

"நீங்களா?"

"நான்தான்."

"ஊர் ஆட்டுக்கெல்லாம் காது குத்தினது போதாதுன்னு எனக்கும் காது குத்தறீங்களா? பொய் சொல்றதுன்னு ஆயிட்டா நம்பற மாதிரி ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"டாக்டர் தாள் கொடுத்தாங்க. அதுல நான் ஓட்டம்னு குறி போட்டு வச்சிருக்கேன்."

"காட்டுங்க."

எசென்குல் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். அங்கே கோட்டுப் பை இல்லை. தாள் இந்நேரம் அலிம்பெக்கோடு அடுத்த பள்ளத்தாக்கில் மந்தை மேய்த்துக்கொண்டிருக்கும்.

சைராகுல் எழுந்தாள். "நாளைக்கு நான் வேலைக்குப் போகலை. அந்த ஏழு பேர் முன்னாடி நின்னு இதையே சொல்லுங்க. ஒருத்தராவது ஆமாம்னா நம்பறேன். இல்லைன்னா மத்தியான பஸ்ல எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

மறுநாள் காலை ஏழு பேரும் வந்தார்கள். கச்சிகே வெள்ளை ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். சைராகுல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எசென்குல் நடுவில் போய் நின்றான். காது மடல்கள் எரிந்தன.

"அண்ணமாரே, தம்பிமாரே. என்னை மன்னிக்கணும். ஆடு தொலையலை. எங்கிட்ட ஆடே இல்லை. என் தொப்பையைக் குறைக்கத்தான் ஓடினேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். வயசானவங்களை எட்டு நாள் மலை ஏற வச்ச பாவி நான். என்னைத் திட்டுங்க, என்ன பேர் வேணும்னாலும் வைங்க. ஆனா ஆடு இல்லை."

துர்துபெக் தரையைப் பார்த்தான். எசென்குல் வசவுக்குக் காத்திருந்தான், வந்தால் நிம்மதியாக இருக்கும் போல இருந்தது.

"பாவம், அண்ணனுக்கு ஆட்டுக் கவலை தலைக்கு ஏறிருச்சு" என்றான் துர்துபெக் கடைசியில்.

"என்னது?"

"ஆடு இல்லாம என்ன? இருக்கு" என்றார் கச்சிகே, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி. "நானே பார்த்தேனே. பழுப்பு ஆடு. ஆத்தங்கரையில மேஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"நானும் பார்த்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நல்ல கொழுத்த ஆடு" என்றது இன்னொன்று.

சைராகுல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

எசென்குலுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? என் குடும்பமே போச்சேண்ணே."

கச்சிகே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதன் மடிப்பிலிருந்து வியர்வையில் ஊறிப்போன ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மேலே கொட்டை எழுத்து. கீழே ஓட்டத்துக்கு நேராக ஒரு குறி. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊருக்கு ஒரே டாக்டர்தானே தம்பி, எனக்கு இதைக் கொடுத்து எட்டு மாசம் ஆச்சு" என்றார் கச்சிகே தணிந்த குரலில். "இப்ப வந்து ஆடே இல்லைன்னு சொன்னா, நாங்க ஏழு பேரும் எதைத் தேடிக்கிட்டு ஓடறது?"